நிறத்தைப் பாட்டியிடம் கேளுங்கள்

தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தை ஃபோட்டோஷாப்பில் போட்டால், சில நொடிகளில் வண்ணம் வந்துவிடுகிறது. அழகுதான். ஆனால் அது வெறும் ஊகம். கறுப்பு வெள்ளைப் படத்தில் அரக்குச் சிவப்பும் கரும்பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகப் பதிந்திருக்கலாம். கூறைச்சேலை எந்த நிறம் என்று மென்பொருளுக்குத் தெரியாது. பாட்டிக்குத் தெரியும். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பிறகு மூலப்படத்தைத் தொடாமல், அதன்மேல் தனி அடுக்கில் நீங்களே நிறம் தீட்டலாம். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டுமே!

கைவைக்கத் தொடங்கினால் நிறத்தோடு நிற்பதுமில்லை. கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் கொல்லப்பட்டவர்களின் படங்களுக்கு வண்ணம் சேர்த்தவர், சில முகங்களில் புன்னகையையும் சேர்த்திருந்தார். 2021இல் அவற்றை வெளியிட்ட இணையத்தளம், கண்டனம் எழுந்த பின்னரே நீக்கியது.

வண்ணப் படத்தைக் குடும்பப் புலனத்தில் பகிரும்போது, ‘வண்ணம் பின்னர் சேர்த்தது’ என ஒரு வரி எழுதி, மூலப்படத்தையும் கூடவே அனுப்புங்கள்.