தம்பிக்கு எந்தப் பொம்மை?

குழந்தைகளே! மூன்று வயதுத் தம்பிக்கோ தங்கைக்கோ பொம்மை வாங்கப் போனால், கடையில் நீங்கள் எதைக் கை காட்டுவீர்கள்? பொத்தானை அழுத்தினால் ஆடிப் பாடும் பொம்மையைத்தானே?

என் கருத்து வேறு. அதில் எல்லா வேலையையும் பொம்மையே செய்துவிடுகிறது. குழந்தை வேடிக்கைதான் பார்க்கிறது, சீக்கிரமே அலுத்துவிடும். மரக்கட்டைகளை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். இன்று வீடு, நாளை ரயில், மறுநாள் கோபுரம்! சொப்புச் சாமானும் அப்படித்தான். சமைப்பதும் பரிமாறுவதும் குழந்தையே. பேச்சும் தானாக வளரும்.

இன்னொன்று, இந்த வயதில் கிடைத்ததை வாயில் போடுவார்கள். கழன்று வரும் கண், சக்கரம், சின்ன சொப்பு எல்லாம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பட்டன் பேட்டரியை விழுங்கினாலோ இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடலாம். எனவே வாயில் நுழையாத அளவில் வாங்குங்கள். பாகங்களை இழுத்துப் பாருங்கள். 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கு விலக்கு உண்டு. பெட்டியில் முத்திரையைத் தேடுங்கள்.

உங்கள் கோலிக்குண்டுகளையும் எட்டாத இடத்தில் வையுங்கள். பொம்மையைக் கொடுத்ததோடு நிற்காமல், தினமும் சிறிது நேரம் கூடவே உட்கார்ந்து விளையாடுங்கள், செல்லங்களே!