ஒன்று போனால் இன்னொன்று

புனேயில் ஓர் அடுக்குமாடி வீடு. வீட்டுக்காரர் அலுவலக வேலையாக ஹைதராபாத்தில். இரவு பத்து மணிக்கு மனைவியிடமிருந்து போன்: இன்டர்நெட் வேலை செய்யவில்லை, காலையில் மகளுக்கு ஆன்லைன் தேர்வு. மோடம் நன்றாகத்தான் இருக்கிறது. செத்துக் கிடப்பது செருப்பு அலமாரிக்கு மேலே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த சின்னப் பெட்டி. இணையதள முகவரிகளைத் தேடித் தருவது, குடும்பப் புகைப்படங்களைச் சேமிப்பது, வாசல் கேமராவின் காட்சிகளைப் பதிவு செய்வது எல்லாம் அதன் பொறுப்பு. பெட்டியைக் கிளப்ப வேண்டிய டிஸ்க் போய்விட்டது.

காட்சி கற்பனை. ஆனால் ஒரே கம்ப்யூட்டருக்குள் ஐந்தாறு கம்ப்யூட்டர்களைக் குடிவைக்கும் ‘விர்ச்சுவலைசேஷன்’, டேட்டா சென்டரிலிருந்து வீட்டுக்குள் நுழைந்து வெகு நாளாகிறது. வியன்னா நிறுவனம் ஒன்று 2008-இல் வெளியிட்ட பிராக்ஸ்மாக்ஸ், காசு கொடுக்காமல் கிடைப்பதால் பலரின் தேர்வு. 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கிய பிராட்காம், 2024 பிப்ரவரியில் அதன் இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ பதிப்பை நிறுத்தியதும் இந்தப் பக்கம் கூட்டம் பெருகியது. 2025 ஏப்ரலில் இலவசப் பதிப்பு திரும்பி வந்தது. அதற்குள் பலர் வீடு மாறிவிட்டார்கள்.

மாறியவர்களை முதலில் குழப்பும் கேள்வி: பூட் டிஸ்க் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா? விடை பழையது. அமெரிக்காவின் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988-இல் வெளியிட்ட கட்டுரை, மலிவான டிஸ்குகளை அணிசேர்த்து ஒன்று போனாலும் வேலை நிற்காதபடி செய்யும் வழிகளை வகுத்தது. ‘ரெய்டு’ என்று அதற்குப் பெயர். அதில் எளிமையானது ‘மிரர்’: எழுதுவதை எல்லாம் இரண்டு டிஸ்கிலும் எழுதுவது.

ஆனால் பூட் டிஸ்கில் இருப்பது என்ன? பிராக்ஸ்மாக்ஸும் சில அமைப்புக் கோப்புகளும். மீண்டும் நிறுவ அரை மணி நேரம், விட்டதைச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது. திரும்பக் கிடைக்காதவை புகைப்படங்களும் கணக்குகளும்; அவை இருப்பது விர்ச்சுவல் கம்ப்யூட்டர்களின் டிஸ்கில். ஆகவே பூட் டிஸ்கை இரட்டிப்பதால் கிடைப்பது தகவல் பாதுகாப்பு அல்ல, நேரம். ஹைதராபாத்தில் இருப்பவர் ஞாயிற்றுக்கிழமை வந்து சாவகாசமாக டிஸ்க் மாற்றலாம். மகள் தேர்வு எழுதலாம். பெட்டியை நம்பி வீட்டில் வேறு யாரும் இல்லையென்றால் இந்தச் செலவு வீண். அந்தப் பணத்தில் பேக்கப்புக்கு வெளி டிஸ்க் ஒன்று வாங்குவதே புத்திசாலித்தனம். மிரர் பேக்கப் ஆகாது: தவறுதலாக அழித்த கோப்பை அது இரண்டு இடத்திலும் ஒழுங்காக அழித்துவிடும்.

சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு டிஸ்குக்குத்தான் இடம். ஒன்றில் பிராக்ஸ்மாக்ஸ், மற்றதில் விர்ச்சுவல் கம்ப்யூட்டர்கள் என்று பிரிப்பது பார்க்க ஒழுங்கு. ஆனால் எது போனாலும் வீடு நிற்கும். இரண்டையும் மிரராக்கி எல்லாவற்றையும் அதன் மேல் வைப்பதே மேல். ஒன்று என்விஎம்இ, மற்றது சாட்டா என்றாலும் மிரர் சேரும். எழுதும் வேகம் மெதுவான டிஸ்கின் வேகம், கொள்ளளவு சிறிய டிஸ்கின் கொள்ளளவு. பெரும்பாலான வீட்டு வேலைகளுக்கு அது போதும். யு.எஸ்.பி. குச்சியில் நிறுவும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். பிராக்ஸ்மாக்ஸ் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும், குச்சி தாங்காது.

டெல்லி நேரு பிளேஸிலோ மும்பை லேமிங்டன் ரோட்டிலோ ஒரே கடையில், ஒரே கம்பெனியின் இரண்டு எஸ்.எஸ்.டி.க்களை வாங்குவது சௌகரியம். அதில் ஆபத்து உண்டு. 2019 நவம்பரில் ஹெவ்லெட் பேக்கார்டு என்டர்பிரைஸ் தன் சில எஸ்.எஸ்.டி. மாடல்களைப் பற்றி எச்சரித்தது: ஃபர்ம்வேர் பிழையால், 32,768 மணி நேரம் ஓடியதும் அவை செத்துவிடும். அதாவது 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் ஓடத் தொடங்கிய இரண்டு டிஸ்குகள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போகும். இரட்டைக்கு அர்த்தமே இல்லை. வேறு வேறு கம்பெனி, முடியாவிட்டால் வேறு வேறு மாடல். மின்வெட்டு சகஜமான ஊர்களில், எழுதிக்கொண்டிருப்பதை முடிக்குமளவு மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் கொண்ட சர்வர் ரக எஸ்.எஸ்.டி. இன்னும் நல்லது. யு.பி.எஸ். எப்படியும் வேண்டும்.

மிரர் அமைப்பதை பிராக்ஸ்மாக்ஸ் நிறுவும்போதே செய்துவிடலாம். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்த இசட்.எஃப்.எஸ்ஸைத் தேர்ந்து, இரண்டு டிஸ்கையும் காட்டினால் முடிந்தது. இசட்.எஃப்.எஸ். ஒவ்வொரு தகவல் துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருக்கிறது. இரண்டு பிரதிகளில் எது கெட்டது என்று அதற்குத் தெரியும். மதர்போர்டில் இலவசமாக வரும் ரெய்டை நாட வேண்டியதில்லை.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். கம்ப்யூட்டரைக் கிளப்பும் கோப்புகள், டிஸ்கின் ஆரம்பத்தில் தனியாக ஒரு சிறு பகுதியில் இருக்கின்றன. அது மிரரில் சேராது. இரண்டு டிஸ்கிலும் தனித்தனியாக அது உண்டு. புதிய கெர்னல் வரும்போதெல்லாம் பிராக்ஸ்மாக்ஸின் ஒரு கருவி இரண்டிலும் பிரதி எடுத்து வைக்கிறது. ஒரு டிஸ்க் செத்து, புதியதை மிரரில் சேர்த்ததும் ‘எல்லாம் நலம்’ என்று இசட்.எஃப்.எஸ். சொல்லும். அது தன் பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறது. புதிய டிஸ்கில் பூட் பகுதியை உருவாக்கி, அந்தக் கருவியிடம் பதிவு செய்யாவிட்டால், அடுத்து பழைய டிஸ்க் போகிற நாளில் தகவல் முழுசாக இருக்கும், பெட்டி கிளம்பாது.

இன்னொரு தொல்லை, மௌனம். ஒரு கால் உடைந்தாலும் மிரர் நொண்டாது. கம்பெனியில் என்றால் யாராவது பார்ப்பார்கள். வீட்டில் செருப்பு அலமாரியை யார் பார்க்கிறார்கள்? டிஸ்க் பழுதானால் மெயில் அனுப்பும் வசதி பிராக்ஸ்மாக்ஸில் உண்டு. அது உண்மையில் இன்பாக்ஸுக்கு வந்து சேருகிறதா என்று ஒருமுறை அனுப்பிப் பார்க்க வேண்டும்.

சோதனைக்கு ஒரு சனிக்கிழமை காலை போதும். முதலில் பேக்கப். பெட்டியை அணைத்து, ஒரு டிஸ்கைக் கழற்றிவிட்டுக் கிளப்பிப் பார்க்கலாம். கிளம்பினால், அணைத்து, கழற்றியதை மாட்டி, விட்டுப்போனதை இசட்.எஃப்.எஸ். எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகே அடுத்த டிஸ்கில் கைவைக்க வேண்டும். அவசரத்தில் மாற்றிக் கழற்றினால் இரண்டில் எது புதிய பிரதி என்ற வழக்கு வந்துவிடும். மூடியைத் திறந்திருக்கும்போதே ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் நம்பரையும் சீட்டில் எழுதி, அது இருக்கும் இடத்துக்கு நேராகப் பெட்டியின் வெளியே ஒட்டிவிடலாம். மெயிலில் வருவது சீரியல் நம்பர்தான். செத்த டிஸ்க் என்று நினைத்து உயிருள்ளதைப் பிடுங்கியவர்கள் இந்தத் தொழிலில் நிறைய உண்டு.