குட்டி ரயிலுக்கும் ஒரு வேலை வேண்டும்

மாதிரி ரயில் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது, வட்டமான தண்டவாளத்தில் சுற்றிச் சுற்றி வரும் பொம்மை ரயில்தான். ஆனால் மேசை மேல் ஒரு ஊரையே கட்டி அதில் ரயில் ஓட்டுவது, உலகம் முழுவதும் பெரியவர்கள் வருடக்கணக்கில் செய்யும் பொழுதுபோக்கு. இந்தியாவிலேயே புனேயில் ஜோஷி என்பவர் அமைத்த குட்டி ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இருக்கிறது.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கடையில் கிடைக்கிற ஐரோப்பிய வீடு, பனிமலை, நிலக்கரிச் சுரங்கம் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்த ரயில் எதற்காக ஓடுகிறது என்று கேட்டால் பதில் இல்லை. முதலில் தொழில், பிறகுதான் காட்சி. சின்ன மேசைக்கு இந்த விதி இன்னும் முக்கியம்.

போடி லைனையே எடுத்துக்கொள்ளலாம். மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-ல் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப் பாதைக்காக மீட்டர் கேஜ் ரயில் நின்றது. தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும்தான் மறுபடி ரயில் வந்தது. பன்னிரண்டு வருடம் ரயிலைப் பார்க்காமலே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் போடியில் வளர்ந்தார்கள். பழைய மீட்டர் கேஜ் போடியை அவர்களுக்குக் காட்ட ஒரு மேசை போதும்.

ஆனால் அளவு இடிக்கும். 1:87 அளவில் மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் அகலம் 12 மில்லிமீட்டர்தான். அப்படியும் தேனி – போடி 15 கிலோமீட்டரை அப்படியே செய்தால் 172 மீட்டர் நீளம் வேண்டும்! பின்னால் நிற்கும் மலைக்குப் பல மாடி உயரம் வேண்டும். ஆகவே எதை விடுவது என்பதுதான் உண்மையான கேள்வி. மலையைச் சுவரில் ஓவியமாக வரைந்துவிடலாம். விடக் கூடாதது வேலை.

போடியில் என்ன வேலை? ஒன்று ஏலக்காய்: தரம் பிரிக்கும் கூடம், ஏல மையம், மூட்டை. இன்னொன்று இலவம் பஞ்சு. தலையணையிலிருந்து ஒரு பிடி எடுத்தால் மாதிரிக்குச் சரக்கு தயார். ஏலக்காய் எடை குறைந்த, விலை உயர்ந்த பொருள். அதற்கு நீளமான கூட்ஸ் வண்டி வைத்தால் பொய்யாகிவிடும். பாசஞ்சர் வண்டியோடு ஒரு பார்சல் பெட்டி போதும்.

செடியிலும் கவனம் வேண்டும். போடியைப் பார்த்த சரிவு மழை மறைவுப் பகுதி. அங்கே பாறையும் காய்ந்த புல்லும் முட்புதரும்தான் அதிகம். ஏலத்தோட்டம் மலை முகட்டைத் தாண்டி மர நிழலில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பச்சை அடிப்பவர் அந்த மலையைப் பார்க்காதவர்.

இன்னொரு ஆசையும் வரும். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-ல் மோனோ ரயிலும், 1908 முதல் குறுகிய பாதை ரயிலும் ஓடின. அங்கிருந்து தேயிலை ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கியது. அந்த ரயிலையும் போடி ரயிலையும் ஒரே மேசையில் இணைக்கலாமே என்று தோன்றும். ஆனால் 1924 வெள்ளம் மலை ரயிலை அழித்துவிட்டது. நான்கு வருட இடைவெளியில் இரண்டும் சந்திக்கவே இல்லை. ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுத்து அதற்கு உண்மையாக இருப்பதே நல்லது.

"பொழுதுபோக்குதானே, இஷ்டப்படி செய்தால் என்ன?" என்று கேட்கலாம். செய்யலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் மேசையின் ஓரத்தில் தேவாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊருக்கு ரயில் வந்ததே இல்லை. ஆசைக்காக ஒரு தண்டவாளம் போட்டால், விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து தோட்ட வேலைக்கு மலை ஏறும் பெண்கள் அந்த மேசையிலிருந்து காணாமல் போவார்கள். தண்டவாளம் முடிகிற இடத்தில் ஒரு ஜீப்பை நிறுத்தினால் போதும். ரயில் எதற்காக வருகிறது, யாருக்கு வரவில்லை என்ற இரண்டும் பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.