பில்லைப் பங்கிடுவதிலும் சமத்துவம் இருக்கிறது

கூட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிடக் கிளம்பும்போது யாராவது ஒரு தோழர் "எனக்குப் பசிக்கல, நீங்க போங்க" என்பார். இன்னொருவர் டீ மட்டும் போதும் என்பார். பல நேரங்களில் அது வயிற்றின் கணக்கு இல்லை, சட்டைப்பையின் கணக்கு. அடுத்த வேலைத்திட்டத்தில் பாதி சாப்பாட்டு மேசையில்தான் முடிவாகிறது. மேசைக்கு வராதவர் அந்த முடிவிலும் இல்லை.

ஓட்டலில் சரிசமமாக உட்காரும் உரிமை நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. கடையிலும் உணவு விடுதியிலும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2) பிரிவு. அதற்குப் பிறகும் டீக்கடைகளில் இரட்டைக் குவளை நீடித்தது. காசு ஒன்று, குவளை வேறு. அதையெல்லாம் எதிர்த்து வந்த நாம், பில்லுக்குப் பயந்து ஒரு தோழர் வெளியே நிற்கும்படி விடலாமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு பேர். நால்வர் ஆளுக்கு 150 ரூபாய்க்கும், இருவர் ஆளுக்கு 60 ரூபாய்க்கும் சாப்பிடுகிறார்கள். மொத்தம் 720. 5 சதவீத ஜிஎஸ்டி 36 சேர்த்து 756. சமமாகப் பிரித்தால் தலைக்கு 126. அறுபது ரூபாய்க்குச் சாப்பிட்டவர் வரியோடு தர வேண்டியது 63 தான். இப்போது இரண்டு மடங்கு தருகிறார். பங்கு சமமாக இருக்கிறது, நியாயம் இல்லை.

"அண்ணன் குடுத்துடுவாரு, விடு" என்பதும் தீர்வாகாது. இன்று கொடுப்பவர் நாளை கூட்டத்தில் பேசும்போது, சாப்பிட்டவருக்கு மறுத்துப் பேச வாய் வராது. டெல்டாவில் பண்ணையாள் வாழ்க்கை அப்படித்தான் இருந்தது. தீபாவளிக்குத் துணி, பொங்கலுக்கு ஏதோ கொஞ்சம், எல்லாம் மிராசுதாரின் மனசைப் பொறுத்தது. 1944இல் இதே மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் பெருமை, சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிரான குரலை எழுத்தில் ஏற்ற விதியாக்கியதுதான். ஒருவரின் இரக்கத்தை நம்பி இருப்பதற்கும், எல்லோரும் ஒப்புக்கொண்ட விதிப்படி பெறுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

ஆகவே நாமும் ஒரு விதி வைத்துக்கொள்வோம். ஆர்டர் சொல்வதற்கு முன்பே பேசிவிட வேண்டும். சம்பளம் வாங்குவோர் கூடுதல் பங்கு, மாணவர்கள் குறைந்த பங்கு. மேலே சொன்ன பில்லில் டிப்ஸ் 44 சேர்த்தால் 800. வேலையில் இருக்கும் இருவர் ஆளுக்கு 250, மாணவர் நால்வர் ஆளுக்கு 75. பணத்தை ஒருவரிடம் கொடுத்து அவர் கட்டட்டும். யார் எவ்வளவு போட்டார் என்ற பேச்சு மேசையில் வேண்டாம்.

டிப்ஸுக்கும் இதே நியாயம்தான். அதை நம் பெருந்தன்மையாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. எச்சில் இலை எடுப்பவரும், பின்கட்டில் பாத்திரம் கழுவும் அக்காவும் பெரும்பாலும் நம் சனங்கள்தான். சர்வர் கையில் வைத்த காசு அவர்களுக்குப் போகிறதா என்று கேட்போம். போகவில்லை என்றால் தனியாகக் கொடுப்போம். போனில் ஸ்கேன் செய்து பில் கட்டினாலும் டிப்ஸைப் பணமாகத் தருவோம். பில்லில் சேவைக் கட்டணம் என்று தானாகச் சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லலாம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்படிச் சேர்ப்பதற்குத் தடை விதித்தது; 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

எவ்வளவு டிப்ஸ் கொடுத்தாலும் அது கூலி ஆகிவிடாது. குறைந்தபட்சக் கூலி கொடுக்காத முதலாளியின் பாக்கியை நம் பத்து ரூபாய் அடைக்காது. தட்டு எடுக்க வருபவரை "டேய்" என்று கூப்பிடாமல், அவருக்கு என்ன சம்பளம், எத்தனை மணி நேர வேலை என்று கேட்டுப் பழகுவோம். சங்க வேலை அங்கிருந்தும் தொடங்கலாம்.

ஜெய்பீம்.