காந்தமும் கம்பிச் சுருளும்

செப்புக் கம்பிச் சுருளுக்குள் ஒரு காந்தத்தைச் சும்மா வைத்துவிட்டு நூறு வருஷம் காத்திருந்தாலும் மின்சாரம் வராது. அதை உள்ளே நுழைக்கும்போதும் வெளியே இழுக்கும்போதும் மாத்திரமே, மின்சார ஓட்டத்தைக் காட்டும் கருவியின் முள் அசையும். நுழைக்கையில் ஒரு பக்கம், இழுக்கையில் மறுபக்கம். மின்சார நிலையத்து யந்திரத்திலும் இதே சங்கதிதான்.

1831-இல் இதைச் செய்து கண்டவர் இங்கிலாந்தின் மைக்கேல் பாரடே. கொல்லன் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகியவர். எந்த ரிஷியும் அவர் காதில் வந்து ஓதவில்லை!

அப்படியிருக்க, நம் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் பிள்ளைகள் பாரடே விதியை ஸ்தோத்திரம் போல் உருப்போடுகிறார்களேயொழிய, காந்தத்தைத் தொட்டதில்லை. தோழர்களே! இதற்கு ஆகும் செலவு ஒருநாள் வாணவேடிக்கைச் செலவில் ஒரு பங்குகூட இராதே! உபாத்தியாயரை நேரில் கேளுங்கள்: அந்த முள் அசைவதை எங்கள் பிள்ளைகள் என்றைக்குப் பார்ப்பார்கள்?