பாரிஸ் வீதியில் நின்ற ஊமைக் கம்பங்கள்

மோட்டார் வண்டிக்குப் பெற்றோல் ஊற்றிய காலம் மெல்ல மாறி, மின்சாரம் ஏற்றும் காலம் வந்து கொண்டிருக்கிறது. சொந்த வீடும் முற்றமும் உடையவர் இரவிலே வண்டியை நிறுத்தி, கம்பியைச் செருகிவிட்டு உறங்கப் போகலாம். மாடிக் கட்டடத்தில் நான்காந் தட்டிற் குடியிருப்பவர் என் செய்வார்? அவருடைய வண்டி வீதியோரத்தில் நிற்கிறது. நகரசபை அவ்வீதியிலே மின்னேற்றும் கம்பம் ஒன்றை நாட்டினாலன்றி அவருக்கு மின்வண்டி வாங்கும் எண்ணமே எழாது. தெருவிளக்கையும் தண்ணீர்க் குழாயையும் போல இதுவும் உள்ளூராட்சிச் சபைகளின் பொறுப்பாகி வருவதன் காரணம் இதுவே.

இப்பொறுப்பை முந்திக்கொண்டு ஏற்ற நகரங்களுள் பாரிஸ் ஒன்று. 2011ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அங்கே 'ஓட்டோலிப்' என்னும் வாடகை மின்வண்டிச் சேவை தொடங்கியது. பாரிஸ் நகரமும் அதன் அயலிலுள்ள ஏறத்தாழ நூறு ஊர்ச்சபைகளும் சேர்ந்து சங்கமொன்றை அமைத்து, 'பொலோரே' கம்பனியிடம் வேலையை ஒப்படைத்தன. சாம்பல் நிறச் சிறுவண்டிகள் நாலாயிரம் அளவில் ஓடின. அவற்றுக்கென ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மின்னேற்றும் இடங்கள் வீதிகளிலே அமைந்தன. சொந்த மின்வண்டி வைத்திருந்தோரும் சந்தாப் பணங் கட்டி அவற்றுட் சிலவற்றைப் பயன்படுத்தினர்.

வரவும் செலவும் ஒத்துவரவில்லை. 2023 வரை செல்லவிருந்த ஒப்பந்தத்தில் வரக்கூடிய நட்டத்தை ஈடுசெய்யும்படி, சுமார் 230 மில்லியன் யூறோவைக் கம்பனி சபைகளிடம் கேட்டது. சபைகள் மறுத்தன. 2018 ஜூலை 31ஆந் தேதியுடன் சேவை முடிந்தது. வண்டிகளைக் கட்டியிழுத்துச் சென்றுவிடலாம். நிலத்திலே வேரூன்றிய கம்பங்களை என்ன செய்வது? பல வீதிகளில் அவை விளக்கணைந்து, ஊமையாய் நின்றன. இக்கம்பங்களை நம்பி மின்வண்டி வாங்கிய குடும்பத்தின் நிலையை வாசகர்கள் எண்ணிப் பார்க்கட்டும். கம்பமே இல்லாத வீதியென்றால் அவர்கள் அவ்வண்டியை வாங்கியே இருக்கமாட்டார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். மின்னேற்றும் கம்பமொன்றிற் கண்ணுக்குத் தெரியும் பெட்டி, வேலையின் ஒரு பகுதியே. வீதியைத் தோண்டுவது, கேபிள் இடுவது, மின்சாரக் கம்பனியிடம் இணைப்புப் பெறுவது, அனுமதி வாங்குவது ஆகியவையே காலத்தையும் பணத்தையும் விழுங்குவன. ஓட்டோலிப் மறைந்த பின்பும் நிலத்துக்குள் இவ்வளவும் எஞ்சியிருந்தன. 2021ஆம் ஆண்டிலே 'பெலிப்' என்ற பெயருடைய நகரத்து மின்னேற்றச் சேவையை 'டோட்டல்' எண்ணெய்க் கம்பனி பத்தாண்டு ஒப்பந்தத்தில் ஏற்றபோது, பழைய இடங்களைப் புதுப்பித்தும் புதியன சேர்த்தும் ஏறத்தாழ 2,300 மின்னேற்றும் இடங்களை அமைப்பதே திட்டம். எண்ணெய் விற்றவரே மின்சாரமும் விற்க வந்தது காலத்தின் வேடிக்கைதான்.

நன்றாக இயங்கும் பழைய கம்பத்தையும் மாற்ற நேரிடுவதுண்டு. அக்காலத்து மின்வண்டி ஒன்றின் பற்றரி 24 அலகு மின்சாரம் கொள்வது என வைத்துக்கொள்வோம். மணிக்கு மூன்றரை அலகு தரும் கம்பத்தில் ஏழு மணி நேரத்தில் அது நிறைந்துவிடும். ஓர் இரவு போதும். இன்றைய வண்டிகள் பல 60 அலகு கொள்வன. அதே கம்பத்தில் அவை பதினேழு மணி நேரம் நிற்க வேண்டும். மணிக்கு ஏழு அலகு தரும் புதிய கம்பமோ அவ்வேலையை ஒரே இரவில் முடித்துவிடும். இன்னொன்று, பணம் அறவிடுவதற்காகக் கம்பத்தினுள்ளே கைத்தொலைபேசியில் உள்ளது போன்ற சிம் ஒன்று இருக்கும். தொலைபேசிக் கம்பனிகள் பழைய அலைவரிசைச் சேவையை நிறுத்தும்போது, மின்சாரம் இருந்தும் கம்பம் பேச்சிழந்துபோம்.

இலண்டன் மாநகரிலும் 2011இல் தொடங்கிய பொது மின்னேற்றச் சேவை, சில ஆண்டுகளுள்ளே பழுதடைந்த கம்பங்களுக்குப் பெயர்பெற்றது. நாட்டுவதற்கு அரசாங்க மானியம் கிடைத்தது. பழுது பார்ப்பது தன் வேலை என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை. பின்னர் பிரித்தானிய அரசாங்கம் 2023இற் சட்டவிதி இயற்றியது. அதன்படி அதிவேகக் கம்பங்களை நடத்துவோர், ஆண்டின் சராசரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் அவற்றை இயங்கும் நிலையில் வைத்திருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆயினும் அது நெடுஞ்சாலையில் விரைவோருக்கான அதிவேகக் கம்பங்களையே பெரிதும் காக்கிறது. நான்காந் தட்டுக் குடியிருப்பாளரின் வீதியோர மந்தக் கம்பத்துக்கு அந்தத் தொண்ணூற்றொன்பது பங்கு பொருந்தாது. இதை நாம் குறையென்றே கருதுகிறோம். நெடுஞ்சாலைக்காரர் அடுத்த நிலையத்துக்குப் போகலாம், இவருக்குப் போக்கிடம் ஏது?

நம் நாட்டுக்கு இக்கதை அயலானதன்று. 2014, 2015ஆம் ஆண்டுகளில் யப்பானிய 'நிசான் லீஃப்' வண்டிகள் இலங்கைக்குத் திரளாக வந்தன. அவற்றின் விரைவு மின்னேற்றத் துவாரம் 'சாடெமோ' என்னும் யப்பானிய முறையிலானது. 2020இல் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பின் வரும் சீன வண்டிகள் பலவற்றில் இருப்பதோ ஐரோப்பிய முறைத் துவாரம். ஒன்றின் செருகி மற்றொன்றிற் பொருந்தாது. எனவே கம்பம் நாட்ட முன்வரும் நம் சபைகள் கேள்விப்பத்திரம் எழுதுகையில், இரண்டு செருகிகளும் உண்டா, பழுதானால் எத்தனை நாளிற் சீராகும், நடத்துங் கம்பனி விலகினால் கேபிளும் இணைப்பும் யாருக்குச் சொந்தம் என்ற மூன்று வினாக்களையும் முதற் பக்கத்திலேயே எழுதிவிடுதல் நலம். மூன்றாவதற்கு விடை காணவே பாரிஸ் நகரத்துக்கு ஆண்டுகள் சில பிடித்தன.