வேலிக்கு அப்பால் இருந்தவருக்காக

போர்க்காலத்தில் ஏதாவது அலுவலாகக் கொழும்புக்கு வந்த எமது குடும்பங்களில், கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் ஒரு மெழுகுதிரியேனும் கொளுத்தாமல் ஊர் திரும்பியவர்கள் மிகச் சிலரே. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு லொட்ஜ் அறை. பையில் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, காணி உறுதியின் போட்டோப் பிரதி. பிடிபட்ட மகனைத் தேடி வந்தவர்கள், வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தவர்கள், சத்திரசிகிச்சைக்கு வந்த முதியவர்கள் என எல்லோருக்கும் செவ்வாய்க்கிழமை என்றால் அந்தக் கோவில்தான். சைவர்களும் வந்தார்கள், சிங்களப் பௌத்தர்களும் வந்தார்கள். இன்றும் வருகிறார்கள்.

அங்கே முழந்தாளிட்டு நாம் கேட்டவை எவை? மகனை விடுவித்துத் தாரும், காணியை மீட்டுத் தாரும், பிள்ளைக்கு விசா கிடைக்கச் செய்யும். இதில் பிழை எதுவுமில்லை. தாகமுள்ளவன் முதலில் தண்ணீர்தான் கேட்பான். ஆனால் 1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய ஒரு குடும்பம், அன்று செபித்த அதே மூன்று மன்றாட்டுக்களையே முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் செபிக்கிறது என்றால், அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். எமது செபம் மாத்திரம் இடம்பெயர்ந்த அன்று இருந்த இடத்திலேயே நிற்கிறது.

அந்தக் கொச்சிக்கடைக் கோவில் எப்படி வந்தது என்பதை முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருக்களுக்கு இந்நாட்டில் இடமில்லை. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவர் வியாபாரி வேடத்தில் ஒளித்துத் திரிந்தார். பிடிக்க ஆட்கள் துரத்தியபோது அவர் இந்தக் கரையோர மீனவரிடம் அகப்பட்டார். கடல் எங்கள் கரையை அரித்துக் கொண்டு வருகிறது, அதை நிறுத்த மன்றாடுங்கள், உங்களை நாங்கள் காப்பாற்றுகிறோம் என்றார்கள் அவர்கள். அவர் மணலில் ஒரு சிலுவையை நாட்டிச் செபித்தார், கடல் பின்வாங்கியது என்பது வழிவழியாக வரும் செய்தி. கடல் பின்வாங்கியதைப் பற்றி ஆராய்வது எமது நோக்கமல்ல. தன் உயிரே நிச்சயமில்லாத ஒருவர், தமக்குச் சொந்தமில்லாத ஒரு கரைக்காக மன்றாடினார் என்பதே எமக்கு முக்கியம். முதலில் என் பிரச்சினை தீரட்டும், பிறகு மற்றவருக்காகச் செபிக்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் அங்கே கோவிலே இருந்திராது.

எங்களுக்காகவே ஒருவரும் மன்றாடவில்லை, நாங்கள் ஏன் பிறருக்காக மன்றாட வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. கோபம் நியாயமானது. ஆனாலும் அது முழு உண்மையல்ல. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள லொட்ஜ்களில் பொலிசார் நுழைந்து, கொழும்பில் தங்கியிருக்கத் தகுந்த காரணமில்லை என்று கூறி 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அவர்களில் 85 பேர் பெண்கள். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு வழக்குப் போட அவகாசம் ஏது? மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவைக் கொண்டு போனது. மறுநாளே, ஜூன் 8ஆம் திகதி, இவ்விதம் வெளியேற்றுவதை நிறுத்தும்படி நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. சில நாட்களில் பிரதமர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அந்த மனுவுக்காக உழைத்தவர்களை எவரும் லொட்ஜிலிருந்து இறக்கவில்லை, பஸ்ஸில் ஏற்றவில்லை. பிறருடைய வழக்கைத் தம்முடைய வழக்காக எடுத்தார்கள். பரிந்து பேசுதல் என்று வேதம் சொல்வது இதைத்தான். சோதோமுக்காக ஆபிரகாம் ஆண்டவரிடம் ஐம்பதில் தொடங்கிப் பத்து வரை இறங்கி இறங்கிப் பேசியதும் இதே வேலைதான். சந்தையில் வெங்காயத்துக்கு விலை பேசிய எமக்கு அந்தப் பேச்சு நன்றாக விளங்கும்.

இனி எமக்குக் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் எல்லோரும், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். முசலிப் பக்கத்திலிருந்து போனவர்களில் எம்மைப் போலவே வயல் செய்தவர்கள் பலர். புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் பிள்ளைகளை வளர்த்து, ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது அவர்களுடைய காணியையும் காடு மூடியிருந்தது. அந்த ஒக்டோபருக்குப் பின் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எமது விசுவாசிகள் மன்றாட்டில் அவர்களுடைய ஊர்ப் பெயர் ஒன்றாவது வந்ததா? பயம் இருந்தது, அதை நாம் மறுக்கவில்லை. வாயால் சொல்ல முடியாததை உள்ளத்திலாவது சொன்னோமா என்பதே கேள்வி. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே எழுந்து மழையில் நடந்தபோது, ஐந்து வருடத்துக்கு முன் நடந்தவர்களை நினைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்?

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடைக் கோவிலில் குண்டு வெடித்தது. நீர்கொழும்பு கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பின் ஹோட்டல்களிலும் வெடித்தது. 250க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தோனியார் முன் தமிழரும் சிங்களவரும் ஒரே வாங்கில் இருந்து ஒன்றாக இறந்தார்கள். அதற்குப் பின் நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள், குண்டுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதிருந்தும், வீடுகளிலிருந்து துரத்தப்பட்டார்கள். அவர்களில் சிலரைக் கொண்டுபோய் வைத்த இடம் வவுனியா பூந்தோட்டம். ஆம், 90களில் எமது வன்னிச் சனம் முகாமில் கிடந்த அதே பூந்தோட்டம். அங்கேயும் அவர்களை வைத்திருக்கக்கூடாது என்று குரல் எழுந்தது. அகதியாய் இருந்தவர்களின் ஊரிலே அகதிக்கு எதிர்ப்பு. எமது செபம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை அன்று ஓரளவு அளந்து பார்த்திருக்கலாம்.

பிறருக்காகச் செபிப்பது எமது உரிமையைக் கைவிடுவதல்ல. எமது வயலில் முகாம் போட்டிருக்கும் இராணுவச் சிப்பாய்க்கும் அவனுடைய தாய்க்கும் செபிக்கலாம். அதே கிழமை காணி உறுதியோடு பிரதேச செயலகத்துக்கும் போகலாம். செபியுங்கள், பொறுத்திருங்கள், மனுக் கினு எழுதாதீர்கள் என்று போதிப்பவர்களோடு எமக்கு உடன்பாடில்லை. செபமும் மனுவும் ஒரே பையில் இருக்கட்டும்.

எமது அன்பியக் கூட்டங்களில் பொதுவாகக் கேட்கும் மன்றாட்டு, உலக சமாதானத்துக்காகவும் எல்லா மக்களுக்காகவும் என்பது. சொல்ல இலகுவானது, ஒருவரையும் சுடாது. எல்லோருக்காகவும் செபிப்பவர் பெரும்பாலும் ஒருவருக்காகவும் செபிப்பதில்லை. பெயர் சொல்லுங்கள். பெயரைச் சொன்னால் அடுத்த கிழமை, அவருக்கு என்ன நடந்தது என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் போய்ப் பார்க்க வேண்டி வரும். போய்ப் பார்த்தால் வெறுங்கையோடு போக முடியாது. இப்படித்தான் செபம் வளர்கிறது. பங்குக் கிணற்றில் எமது முறை முடிந்தபின் அடுத்தவர் தோட்டத்துக்கு வாய்க்காலைத் திருப்பிவிடுவதைப் போல, கேட்டதில் பாதி நேரத்தைப் பிறருக்குத் திருப்பிவிடுவோம்.

இதற்கு ஒரு கொப்பி போதும். கிழமைக்கு ஒரு பெயர். முதற் பக்கத்தில் யாரை எழுதுவது என்று தெரியாவிட்டால், ஊரில் எமது எல்லை வேலிக்கு அப்பால் இருந்தவரின் பெயரை எழுதுங்கள். கதியால் ஒரு முழம் தள்ளி நட்டார் என்று நீதிமன்றம் வரை இழுத்தோமே, அவருடைய பெயரைத்தான். வேலியும் போய், வழக்கும் போய், காணியும் பற்றையாகிவிட்டது. அவர் இப்போது எந்த ஊரில், யார் வீட்டில் இருக்கிறார் என்று தெரியாவிட்டால், இந்தக் கிழமையே யாரிடமாவது விசாரிக்கத் தொடங்குங்கள்.